புகை எங்கே போகிறது?

மலைக்குள் முந்நூறு அடி ஆழத்தில் ஒரு விடுதி. நடுக்கூடத்தில் ஓர் எருதை முழுதாகச் சுடக்கூடிய அடுப்பு. சுவரெல்லாம் கோடரிகள். தாடியை இடைவாரில் செருகிக்கொண்டு மலை அதிரச் சிரிக்கும் விடுதிக்காரர். இவ்வளவையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்து, குரலை ஏற்றி இறக்கி வாசித்து முடித்தேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐவரில் ஒருவர் கையை உயர்த்தினார். "எல்லாம் சரி, அந்த அடுப்பின் புகை எங்கே போகிறது?"

"மாயம்" என்றேன்.

அதோடு அன்றைய ஆட்டம் படுத்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரம் எதைச் சொன்னாலும் கேலிதான். கதவு பூட்டியிருக்கிறது என்றால் "தாழ்ப்பாளா, மாயமா?" என்றார்கள். கஞ்சி ஆறிப்போய் வந்தது என்றால் "மாயம் தீர்ந்துவிட்டதோ?" என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் கட்டியது விடுதியல்ல, கூத்துக்குத் தொங்கவிட்ட படுதா என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார்கள். கோபம் பிறகுதான் வந்தது, அதுவும் என் மேலேயே.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்ததிலிருந்து பரவிய, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு இது. கேம் மாஸ்டர் என்பவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்ற ஐயம் வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். இடத்தை நம்ப முடியவில்லை என்றால் அங்கே என்ன செய்வது என்றும் அவர்களுக்குத் தோன்றாது.

அந்த விடுதியை நடத்துவது மலைக்குள் வாழும், உயரம் குறைந்த ஒரு கற்பனை இனம். அவர்கள் பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குள்ளர் என்ற சொல்லை எங்கள் மேசையில் நாங்கள் பயன்படுத்துவதில்லை. உயரம் குறைந்த மனிதர்களை நோகடிக்கவே அதிகம் பயன்பட்ட சொல் அது. கற்பனை இனத்துக்குச் சூட்டினாலும் அந்தக் கறை போவதில்லை. பழந்தமிழில் குறள் என்றாலே குட்டை உருவம்தான். ஆகவே அவர்கள் எங்களுக்குக் குறளர். சத்திரம் என்ற சொல்லையும் எடுத்துப் பார்த்தேன். காசு வாங்காமல் சோறு போடும் இடமல்லவா சத்திரம்? என் குறளர்கள் அவ்வளவு தாராளமானவர்கள் அல்லர். விடுதி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க விடுதியை மறுபடி கட்டினேன். முதலில் என்னை மடக்கிய கேள்வி புகையல்ல. இந்த விடுதி யாருக்கு என்பது. குறளர் தம் மலைக்குள் எங்கே போனாலும் பங்காளி வீடு இருக்கும், சம்பந்தி வீடு இருக்கும். அவர்களுக்கு எதற்கு விடுதி? அது வெளியாருக்கானது. வணிகர், தூதர், கழுதைக்காரர், எங்கள் ஐவரைப் போன்ற ஊர்சுற்றிகள் இவர்களையெல்லாம் மலையின் குடலுக்குள் விடாமல் வாசலோடு நிறுத்தி வைக்கும் இடம். இது பிடிபட்டவுடன் பாதி விடுதி தானாக எழுந்தது. கதவின் உயரம் வருகிறவர்களுக்காக. கைப்பிடிகள் இரண்டு, ஒன்று நம் இடுப்புக்கு, ஒன்று அவர்கள் இடுப்புக்கு. பணம் வாங்கும் மேடையில் ஒரு தராசும் ஓர் உரைகல்லும். நாணயத்தில் யார் தலை பொறித்திருக்கிறது என்பது அவர்களுக்குப் பொருட்டே அல்ல. உரசிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து மீதி தருவார்கள். உள்மலைக்குப் போகும் கதவு சமையலறைக்குப் பின்னால், எப்போதும் பூட்டியே இருக்கும்.

கற்பனைக்கு முட்டுக்கொடுக்க உண்மையான நிலத்தடி இடங்களைத் தேடினேன். துருக்கியில் உள்ள டெரின்குயு என்ற பாதாள நகரம் ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் போகிறது; என் முந்நூறு அடிக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. மென்மையான எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து செய்த தளங்கள், செங்குத்தாக இறங்கும் காற்றுக் கிணறுகள், உள்ளிருந்து உருட்டி அடைக்கும் வட்டக் கல் கதவுகள். எனக்கு மிகவும் பயன்பட்டது வேறொரு சின்ன விவரம். கால்நடைகளைக் கட்டும் இடம் அங்கே மேல்தளத்தில் இருக்கிறது. குதிரையைப் படிக்கட்டில் இறக்கிப் பாருங்கள், ஏன் என்று புரியும். என் முதல் விடுதியில் குதிரைகளை நான் மறந்தே போயிருந்தேன். ஐந்து பேர், ஐந்து குதிரைகள். அவற்றை வாசலிலேயே விட்டுவிட்டு நாங்கள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது தொழுவம் வாசலுக்கு அருகில் வந்தது. சாணம் கீழே போகிறது, காளான் வளர்க்க. இது என் கண்டுபிடிப்பு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகருக்கு அடியில் கைவிடப்பட்ட, கல் வெட்டியெடுத்த சுரங்கங்களில் குதிரைச் சாணத்தைப் பரப்பித்தான் காளான் வளர்த்தார்கள். பாதாளத்தில் காளான் சும்மா முளைக்கும் என்று எழுதுகிறவர்கள் அதற்கும் ஏதாவது தின்னக் கிடைக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வாற்கோதுமையோ வெயில் இல்லாமல் விளையாது. ஆகவே குறளரின் புகழ்பெற்ற பீர் முழுக்க முழுக்க வெளி வணிகத்தை நம்பியிருக்கிறது. மலைப்பாதை அடைபட்டால் ஒரு மாதத்தில் குடி நின்றுவிடும். ஒரு முழுக் கதைக்கு இது போதும். இன்னும் நான் அதைப் பயன்படுத்தவில்லை.

இனிப் புகை. ஜார்ஜியஸ் அக்ரிகோலா என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிய சுரங்கவியல் நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1556இல் அச்சானது. ஆழத்துக்குக் காற்றை இறக்குவதற்கான துருத்திகள், விசிறிகள், காற்றைப் பிடித்து உள்ளே திருப்பும் பலகைகள் எல்லாம் அதில் மரச்செதுக்குப் படங்களாக இருக்கின்றன. அதே மனிதர், சுரங்கங்களில் தொழிலாளி உடையில் குட்டை உருவ ஆவிகள் உலவுவதாகவும், ஓயாமல் வேலை செய்வதுபோலத் தோன்றினாலும் அவை உருப்படியாக ஒன்றும் செய்வதில்லை என்றும் எழுதியிருக்கிறார். துருத்தியின் அளவையும் பூதத்தின் உடையையும் ஒரே நிதானத்தோடு விவரிக்கும் ஆளை எனக்குப் பிடித்துப்போனது.

படித்ததில் எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். வெவ்வேறு உயரத்தில் இரண்டு வாய்கள் இருந்தால் மலை தானாகவே மூச்சுவிடும். பாறைக்குள் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடு. அது மேல்வாய் வழியாக ஏறிப் போக, கீழ்வாய் வழியாகக் குளிர்ந்த காற்று நுழையும். கோடையில் நேர் எதிர்: உள்காற்று குளிர்ந்து கனத்துக் கீழ்வாய் வழியாக வழியும், மேலிருந்து வெளிக்காற்று இறங்கும். இடைப்பட்ட சில நாட்களில், உள்ளும் புறமும் ஒரே வெப்பமாக இருக்கும்போது, காற்று அப்படியே நின்றுவிடும். அந்த நாட்களிலும் மூச்சு நிற்காமல் இருக்க, மேலே போகும் கிணற்றின் அடியில் தீ மூட்டி வைக்க வேண்டும். பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் இதைத்தான் செய்தார்கள். தீ காற்றைச் சூடாக்கி மேலே தள்ளும். அந்த இடத்தை நிரப்பப் புதுக்காற்று உள்ளே வரும்.

அந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் நடுக்கூடத்து அடுப்பு குளிர்காய்வதற்கோ எருது சுடுவதற்கோ வைத்ததல்ல. அது விடுதியின் நுரையீரல். தலைமுறை தலைமுறையாக அணையாத அடுப்பு என்று நான் அழகுக்காக எழுதியிருந்த வரி, உயிருக்கு வேண்டிய விதியாக மாறிவிட்டது. அடுப்புக்கு நேர் மேலே காற்றுக் கிணறு. கூடத்துப் புகை அதில் போகிறது; போகும்போது விடுதி முழுக்க உள்ள கெட்ட காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது.

தாடிக்காரச் சிரிப்பரை அன்றே வேலையைவிட்டு நீக்கினேன். அவர் இடத்தில் ஒரு பாட்டி வந்தாள். அதிகம் பேசமாட்டாள். கூடத்தில் நடக்கும்போது ஒவ்வொரு மேசைக்கும் குனிந்து, காலடியில் எரியும் ஒரு சிறு விளக்கைப் பார்த்துவிட்டுப் போவாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நல்ல திட்டம் கையில் இருந்தும் அடுத்த ஆட்டத்தையும் நான் கெடுத்தேன். படித்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்ற அரிப்பு. பாட்டியின் வாயால் காற்றோட்டத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேச வைத்தேன். ஒருவர் பகடைகளைக் கோபுரமாக அடுக்கத் தொடங்கினார். இன்னொருவர், "பாட்டி, கணக்கை முடித்துவிடுங்கள், நாங்கள் கிளம்புகிறோம்" என்றார். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்: விடுதி எப்படி இயங்குகிறது என்பது எனக்குத் தெரிந்தால் போதும். ஆட்டக்காரர்களுக்கு அது கெட்டுப்போகும்போது தெரிந்தால் போதும்.

மூன்றாவது ஆட்டத்தில் வாயை மூடிக்கொண்டேன். மலைக்கு வெளியே இளவேனில் என்று மட்டும் போகிற போக்கில் சொன்னேன். குளிருமில்லை, வெயிலுமில்லை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஐவரும் ஒரு திருட்டுப் பொருளோடு வந்திருந்தார்கள்; துரத்திக்கொண்டு கூலிப்படை வந்தது. சண்டை மூண்டது. மந்திரக்காரராக ஆடியவர், கூடத்தை இருட்டாக்கித் தப்பிக்கலாம் என்று, தண்ணீர்த் தொட்டியைக் கயிற்றோடு அறுத்து அடுப்பில் கவிழ்த்தார். பகடையில் பத்தொன்பது விழுந்தது. மேசையில் ஆரவாரம். நான் மெதுவாகச் சொன்னேன்: "அடுப்பு அணைந்துவிட்டது. பாட்டி முதல் முறையாகக் கத்துகிறாள்." அவள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் படிக்கட்டில் இறங்கி, பீர் நொதிக்கும் நிலவறையில் ஒளிந்துகொண்டார்கள்.

நொதிக்கும்போது சர்க்கரை சாராயமாக மாறுகிறது. கூடவே கரியமில வாயுவும் வெளியாகிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். தண்ணீரைப் போலத் தரையில் தேங்கும். காற்றில் சில விழுக்காடு கூடினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். பத்து விழுக்காட்டை நெருங்கினால் நினைவு தப்பும். நிறமில்லை. நேப்பிள்ஸ் நகருக்கு அருகே நாய்க் குகை என்று ஓர் இடம் உண்டு. எரிமலை மண்ணிலிருந்து கசியும் இதே வாயு அங்கே தரையோடு படிந்திருக்கும். கூட வந்த மனிதர் நின்றுகொண்டிருக்க, நாய் மட்டும் மயங்கி விழும். பயணிகளுக்கு அதை வேடிக்கையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள், பாவம் அந்த நாய்கள்.

யோசித்துப் பாருங்கள், குறளர் மலையில் இதற்கு முதலில் பலியாவது யார்? கனத்த வாயு கீழே படிந்தால், உயரம் குறைந்தவருக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். அப்படிப்பட்ட ஓர் இனம் பீர் காய்ச்சுவதைக் குலத்தொழிலாக வைத்திருந்தால், அவர்கள் விளக்கை எங்கே மாட்டுவார்கள்? சுவரில் அல்ல. முழங்காலில்.

அன்று மேசையில் ஒரே ஒருவர்தான் குறள வீரராக ஆடினார். அவர் பாத்திரத்தின் முழங்காலில் ஒரு விளக்கு கட்டியிருக்கிறது என்று முதல் நாளே அவருடைய தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன்; அணிகலன் போலிருக்கிறது என்று நினைத்திருந்தார். "உன் முழங்கால் விளக்கு அணைகிறது" என்றேன். மறுபடி ஏற்றினார். "பற்றவில்லை." அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பாட்டி மேசைக்கு மேசை குனிந்தது, காலடி விளக்குகள், இளவேனில், அணைந்த அடுப்பு. அவர் முகத்தில் ஒவ்வொன்றாகப் பொருந்தி வருவதை நான் கண்ணால் பார்த்தேன். எழுந்து நின்று, "எல்லோரும் மேலே! குனியாதீர்கள், உட்காராதீர்கள்!" என்று கத்தினார். நாற்காலி பின்னால் விழுந்தது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், உயரமான இருவர்.

எத்தனையோ ஆண்டுகளாக ஆட்டம் நடத்துகிறேன். ஒரு டிராகன்கூட அந்த அணைந்த விளக்கு அளவுக்கு யாரையும் பயமுறுத்தியதில்லை.

இதிலிருந்து நான் கைக்கொண்டவை சில. நிலத்தடி விடுதிக்குத் தரைப்படம் வரையாதீர்கள். பழத்தை அரிந்தாற்போலக் குறுக்குவெட்டாக வரையுங்கள். எது எதற்கு மேலே என்பதுதான் அங்கே எல்லாமே. நான்கு கோடுகளை மட்டும் வேறு வேறு நிறத்தில் இழுத்துக்கொள்கிறேன்: காற்று, நீர், பொருள், கழிவு. நீர் குடிக்கிற இடத்திலிருந்து சமையலறை, பிறகு துவைக்கிற கல், பிறகு கழிவறை, கடைசியில் மலையடிவாரத்தில் திறக்கும் வடிகால் சுரங்கம் என்ற வரிசையில் ஓட வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டால் கதை கொள்ளைநோயில் முடியும். விடுதிக்கு "மூன்றாம் மதகு" என்ற பெயரும் இந்தக் கோட்டிலிருந்தே கிடைத்தது. இடத்தின் வேலையிலிருந்து வரும் பெயர் எளிதில் மறப்பதில்லை.

பொழுதையும் யோசியுங்கள். ஆட்டக்காரர் ஒருவர் "நாளைக் காலை கிளம்புகிறோம்" என்றபோது பாட்டி, "காலை என்றால்?" என்று கேட்டாள். அங்கே சூரியன் இல்லை, வேலைமுறை மாறும் மணியோசைதான். ஒரு நாளுக்கு மூன்று முறை மணி அடிக்கும். ஒரே கட்டிலை மூன்று பேருக்கு வாடகைக்கு விடுவார்கள். படுக்கை ஆறுவதே இல்லை. எட்டு மணி நேரம் கழிந்ததும் எழுப்பிவிடுவார்கள், காயம்பட்டவராக இருந்தாலும். இதற்கு எனக்கு ஒரு வரிக்கு மேல் செலவில்லை.

விடுதிச் சண்டை நிகழ்வைவிட விருந்தோம்பலின் விதிகள் கதைக்கு அதிகம் உதவின. வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் கதைகளில் குறளர் அப்படியொன்றும் இனிய விருந்தோம்புநர் அல்லர். ஃபியாலர், காலர் என்ற இருவர், அறிவாளியான குவாசிரைத் தனியே அழைத்துக் கொன்று, அவன் குருதியில் தேன் கலந்து மது காய்ச்சினார்கள்; குடித்தவருக்குக் கவிதை வருமாம். இன்னொரு பாட்டில் ஆல்விஸ் என்ற குறளனை இடிக்கடவுள் தோர் பேச்சுக்கு இழுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் எல்லா உலகங்களிலும் என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டே விடியும்வரை பிடித்து வைக்கிறான். பீருக்கு என்ன பெயர் என்றும் கேட்கிறான். மனிதர் சொல், தேவர் சொல், அரக்கர் சொல், இறந்தோர் உலகின் சொல் எல்லாம் சொல்லும் ஆல்விஸ், குறளரின் சொல்லை மட்டும் அங்கே சொல்வதில்லை. யாப்புக்கு இடம் போதாமல் விட்டிருக்கலாம். எனக்கு அது அப்படிப் படவில்லை. என் விடுதியில் பீருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை வெளியார் முன் உச்சரிக்க மாட்டார்கள். குறள வீரராக ஆடுபவருக்கு மட்டும் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதமாகிறது, மற்ற நால்வரும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆழம் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். இன்னும் கீழே, இன்னும் கீழே என்று ஆசை வரும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி ஏறும். தென்னாப்பிரிக்காவின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டுகிறது. பனிக்கட்டிக் கூழைக் குழாயில் இறக்கித்தான் குளிர்விக்கிறார்கள். அந்த ஆழத்தில் விடுதி கட்டினால், விருந்தினருக்குக் கணப்பு வேண்டாம், விசிறி வேண்டும்.

அடுப்பை மறுபடி மூட்டப் பாட்டிக்கு மூன்று மணியோசைக் காலம் பிடித்தது. சேதத்துக்கு ஐவரும் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அதனால் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து தங்குகிறார்கள், நான் வேறெங்கே கதையை இழுத்தாலும். போன வாரம், புகையைக் கேட்ட அதே ஆள் மழையில் நனைந்த மேலங்கியைக் கழற்றிப் பிழிந்துவிட்டுக் கேட்டார்: "பாட்டி, இதை எங்கே காயப்போடுவது?"

வெயில் இல்லை. காற்று ஒரே திசையில் மெதுவாகத்தான் நகரும். துவைக்கிற கல்லை வரைந்திருந்தேன், கொடியை வரையவில்லை. குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே, காற்றுக் கிணற்றைச் சுற்றி, ஒரு வெற்று இடம் இருந்தது. "என்னோடு வா" என்றாள் பாட்டி, சமையலறைக்குப் பின்னால் இருந்த அந்தப் பூட்டிய கதவைத் திறந்தபடி.